ஒரு பெண் இயக்குநர்: ஒரு சட்டவரியின் முன்கதை

2013ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய நிறுவனங்கள் சட்டத்தின் 149ஆம் பிரிவு, அரசு வரையறுக்கும் வகைகளைச் சேர்ந்த நிறுவனங்கள் தங்கள் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண்ணையேனும் கொண்டிருக்க வேண்டும் என்று விதிக்கிறது. பங்குதாரர்களின் சார்பில் நிறுவனத்தின் போக்கைத் தீர்மானிக்கவும், தலைமை நிர்வாகியை அமர்த்தவும் நீக்கவும், ஆண்டுக் கணக்குகளுக்கு ஒப்புதல் தரவும் அதிகாரம் பெற்ற சிறு குழுவே இயக்குநர் குழு எனப்படுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களையும், பட்டியலிடப்படாத பொது நிறுவனங்களில் செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் 100 கோடி ரூபாயையோ ஆண்டு விற்றுமுதல் 300 கோடி ரூபாயையோ எட்டியவற்றையும் 2014இல் வெளியான விதிகள் இந்தக் கட்டாயத்துக்குள் கொண்டுவந்தன. இந்தியாவில் கூட்டுப்பங்கு நிறுவனங்களுக்கான முதல் சட்டம் 1850இல் வந்தது என்பதை நினைத்தால், ஒரே ஒரு நாற்காலியைப் பற்றிய இந்த வரி எழுதப்படுவதற்கு 163 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்தத் தாமதத்துக்கான காரணங்களைப் பெண்களின் கல்விக் குறைவிலும் வீட்டுப் பொறுப்பிலும் மட்டும் தேடினால் வரலாறு பாதிதான் புலப்படும். யாரை, யார், எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் மீதிப் பாதி அடங்கியிருக்கிறது. தேர்வு முறை எழுத்தில் இருந்த இடங்களில் பெண்கள் மெதுவாகவேனும் மேலேறினார்கள். அறிந்தவர், உறவினர் என்ற வட்டத்துக்குள்ளேயே தேர்வு நடந்த இடங்களில், ஒருவரின் மனைவியாகவோ மகளாகவோ இல்லாத பெண்ணுக்கு நெடுங்காலம் வாசலே இருக்கவில்லை.

இந்தியத் தொழில் நிறுவனத்தின் மூல வடிவம் குடும்பம். இந்துக் கூட்டுக் குடும்பத்தில், மிதாட்சர முறைப்படி, பூர்வீகச் சொத்தில் பிறப்பினாலேயே பங்கு பெறும் உரிமை ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே இருந்தது. அந்தச் சொத்தையும் அதை வைத்து நடக்கும் வியாபாரத்தையும் நிர்வகிக்கும் மூத்த ஆண், கர்த்தா எனப்பட்டார். கணவனை இழந்த பெண் கூட்டுக் குடும்பத்தின் கர்த்தாவாக இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1960களில் ஒரு வருமானவரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே வியாபாரத்தின் தலைமை என்பது திறமையைப் பற்றிய கேள்வியாக எழுவதற்கு முன்பே வாரிசுரிமைச் சட்டத்தால் முடிவு செய்யப்பட்டுவிட்டது.

இதன் நுட்பமான வடிவத்தைத் தமிழ்நாட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித்தொழிலில் காணலாம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த அவர்களுடைய கடைகள் கண்டிப்பான ஒழுங்குடன் இயங்கின. ஊரில் இருக்கும் முதலாளி, சம்பளச் சீட்டு எழுதி மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பிய ஏஜெண்டு, அவருக்கு அடுத்தாள், கீழே பெட்டியடிப் பையன் என்று படிநிலை அமைந்திருந்தது. பெட்டியடியில் குந்தி ஏடு எழுதப் பழகிய சிறுவன் ஒருநாள் ஏஜெண்டாகவும், பிறகு சொந்தக் கடை முதலாளியாகவும் ஆகலாம். தலைமைக்கான பயிற்சி அந்த ஏணியில்தான் நடந்தது, அதில் ஒரு படியிலும் பெண் இல்லை. ஆனால் அதே கடைகளின் பேரேட்டைப் புரட்டினால் பெண்கள் தென்படுகிறார்கள். திருமணத்தின்போது பெண்ணுக்குச் சீராக வந்த பணம் கடையில் வைப்பாகப் போடப்பட்டு, வட்டியோடு வளர்ந்தது. ஆச்சிமார் பணம் என்று அதற்குத் தனிப் பெயரே இருந்தது. கணவன்மார் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்திருந்த காலத்தில், பெரிய வீடுகளின் வரவு செலவையும் பேறுகாலம் முதல் திருமணம் வரையிலான சடங்குகளின் கணக்கையும் நடத்தியவர்கள் அந்த ஆச்சிமார்களே. முதலீட்டாளராகவும் கணக்கறிந்தவராகவும் இருந்த ஒருவருக்கு முதலை எங்கே இடுவது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் இல்லாதிருந்தது; பிற்காலத்துப் பெரு நிறுவனங்கள் இந்த நிலையைத்தான் வேறு பெயர்களில் தொடர்ந்தன.

கூட்டுப்பங்கு நிறுவனம் வந்தபோது இந்த அமைப்பு மாறியிருக்கலாம்; ஏனெனில் நிறுவனச் சட்டத்தின் பார்வையில் இயக்குநர் ஆணா பெண்ணா என்ற கேள்வியே இல்லை. மாறாமல் போனதற்கு மேனேஜிங் ஏஜென்சி முறை ஒரு பெரிய காரணம். ஆலையின் பங்குகளைப் பலர் வாங்கியிருந்தாலும், அதன் அன்றாட நிர்வாகம் முழுவதும் ஒப்பந்தத்தின் மூலம் ஒரு தனிக் கூட்டு வணிக நிறுவனத்திடம் விடப்படும். அந்தக் கூட்டின் பங்காளிகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தவராகவோ ஒரே வட்டத்து ஆங்கிலேயராகவோ இருப்பார்கள். இயக்குநர் குழு கூடித் தேநீர் அருந்திக் கலையும், முடிவுகள் ஏஜென்சியின் உள்ளறையில் எடுக்கப்படும். இந்த முறை 1970 ஏப்ரல் மாதம் சட்டப்படி ஒழிக்கப்படும் வரை நீடித்தது. அதனோடு, இயக்குநராக இருப்பவர் குறிப்பிட்ட அளவு பங்குகளைத் தம் பெயரில் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் தங்கள் அமைப்பு விதிகளில் எழுதிக்கொள்ள வழியிருந்தது. தகுதிப் பங்கு எனப்பட்ட இதன் முகமதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் வரம்பு கட்டியது. இன்று சிறியதாகத் தோன்றும் அந்தத் தொகை, தன் பெயரில் சொத்தே இல்லாத பெண்ணுக்குக் கடக்க முடியாத வேலியாக நின்றது.

உறவின் வழியாக உள்ளே வந்த பெண்களைக் குறைத்து மதிப்பிடுவதும் நியாயமாகாது. சிந்தியா கப்பல் நிறுவனத்தின் நிறுவனர் குடும்பத்தில் மணம் முடித்து வந்த சுமதி மொரார்ஜி, இருபது வயதை ஒட்டிய பருவத்தில் நிர்வாகத்தில் நுழைந்து, இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கத்துக்கு 1956இல் தலைவரானார். ஆண்களே நிறைந்த ஒரு தொழிலில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர்தான். 1971இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. குடும்பக் கதவு திறந்தபோது உள்ளே வந்தவர் எத்தகைய ஆற்றலோடு இருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. அதே ஆற்றலோடு அந்தக் குடும்பங்களுக்கு வெளியே பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

சொத்துரிமையின் வரலாறு இங்கே தனியாகச் சொல்லத்தக்கது, ஏனெனில் அதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தாலும், கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை ஆண்களிடமே விட்டுவைத்தது. ஆந்திரம் 1986இல் அதைத் திருத்தியது. தமிழ்நாடு 1989இல், அந்த ஆண்டு மார்ச் 25ஆம் நாளுக்கு முன் திருமணமான மகள்களை விலக்கி, ஏனைய மகள்களைப் பிறப்பால் பங்காளிகளாக்கியது. இந்தியா முழுமைக்கும் அந்த உரிமை 2005இல் வந்தது. கர்த்தா ஆவதற்கு மூத்த மகளுக்கும் தகுதி உண்டு என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2015 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொத்து கைக்கு வந்த பின்னும் நாற்காலி வருவதில்லை என்பதற்குச் சென்னையிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு: பழம்பெரும் தொழிற்குடும்பம் ஒன்றின் முதலீட்டு நிறுவனத்தில், தந்தையின் பங்குகளுக்கு வாரிசான மகள் இயக்குநர் பதவி கோரியபோது, 2020ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஏனைய பங்குதாரர்கள் பெரும்பான்மை வாக்குகளால் அதை நிராகரித்தார்கள். அந்தப் பிணக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் மகள் பங்குதாரராக இருப்பதும் இயக்குநராக இருப்பதும் வெவ்வேறு என்பதை நாடறியச் செய்துவிட்டது.

குடும்பத்துக்கு வெளியே இருந்த பெண்களுக்கான பாதை தொழில்துறையில் தோன்றவில்லை, அரசின் தேர்வு மண்டபத்தில் தோன்றியது. விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கும், மதிப்பெண் வரிசைப்படி பட்டியல் வரும், பட்டியலில் வந்தவருக்குப் பணி தர வேண்டும் என்ற ஏற்பாடு, தேர்ந்தெடுப்பவரின் விருப்பு வெறுப்பைச் சற்றேனும் கட்டிப்போட்டது. 1951ஆம் ஆண்டு அணியில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜம் ஜார்ஜை நேர்முகத் தேர்வுக் குழுவினர் வேறு பணிகளுக்குத் திருப்பப் பார்த்தார்கள், அவர் அசையவில்லை. சென்னை மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, முதலமைச்சர் ராஜாஜி அவரைக் களப்பணிக்கு அனுப்பத் தயங்கித் தலைமைச் செயலகத்தில் பதவி தர முன்வந்தார். அதையும் மறுத்து வாதாடி, ஓசூரில் சப் கலெக்டராகப் பொறுப்பேற்றார் அந்த இளம்பெண். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. பின்னாளில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா என்று அறியப்பட்ட அவரே, பல்லாண்டுகளுக்குப் பின் மும்பைக்கு அருகே நவசேவாவில் ஜவஹர்லால் நேரு துறைமுகம் உருவாகும் பணிக்குத் தலைமை தாங்கினார், 1989இல் பத்ம பூஷண் பெற்றார். ஒரு துறைமுகத்தைக் கட்டுவதென்பது கடன், ஒப்பந்தம், இயந்திரம், தொழிலாளர் என்று எந்தப் பெருநிறுவனத் தலைமைக்கும் குறையாத வேலை. அதைச் செய்ய ஒரு பெண்ணால் முடியுமா என்ற ஐயம் அங்கே செயலால் தீர்ந்துவிட்டது.

எழுத்தில் இருப்பதெல்லாம் நன்மை செய்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது; அந்த நிபந்தனையும் எழுத்தில்தான் இருந்தது. ஆனால் எழுதப்பட்ட அநீதிக்கு ஒரு முகவரி இருக்கிறது, அதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். சென்னையில் கல்லூரிக் கல்வி பெற்று, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி. பி. முத்தம்மா, பெண் அதிகாரிகள் மணம் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதியையும், பதவி உயர்வில் தமக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டையும் உச்ச நீதிமன்றத்தில் கேள்வி கேட்டார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அரசைக் கடுமையாகக் கண்டித்தது. தொழிற்சாலையிலும் இதுவே நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பெண்களை ஆலையில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. பாதுகாப்பை எண்ணி எழுதப்பட்ட இந்த விதி ஆலைத் தலைமையின் ஏணியில் ஒரு படியைப் பிடுங்கிவிட்டது: மூன்று ஷிப்டுகளையும் பார்த்தவரே ஷிப்டு பொறியாளராக, பிறகு உற்பத்தி மேலாளராக, பிறகு ஆலைத் தலைவராக உயர முடியும் என்ற துறையில், இரவு ஷிப்டு இல்லாத பெண் பொறியாளர் ஆய்வுக் கூடத்திலோ வரைபடப் பிரிவிலோ நின்றுவிட்டார். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவுத் தடையை அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று நீக்கி, போக்குவரத்து, பாதுகாப்பு போன்றவற்றை உறுதி செய்யும் நிபந்தனைகளை விதித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஆலைத் தொழிலாளப் பெண்கள் இருந்தார்கள் என்பது மறக்கக் கூடாத செய்தி. பொறியியல் படித்த பெண்களின் பாதையையும் சேர்த்து அவர்களே திறந்துவிட்டார்கள்.

தனியார் நிறுவனங்களின் தடைகளுக்கு அந்த முகவரி இல்லை. அரசியல் சட்டத்தின் சமவாய்ப்பு உரிமை அரசுப் பணியைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் இயக்குநர் குழுவை எதிர்த்து ரிட் மனு போட வழியில்லை. 1974இல் டாடா குழுமத்தைச் சேர்ந்த டெல்கோ நிறுவனம் பொறியாளர் வேலைக்கு வெளியிட்ட அறிவிப்பில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றிருந்ததைக் கண்டு, பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த சுதா குல்கர்னி ஜே. ஆர். டி. டாடாவுக்கு அஞ்சலட்டை எழுதினார். அதன் பயனாக நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு வேலையும் பெற்றார். பிற்காலத்தில் சுதா மூர்த்தியாக அறியப்பட்ட அவரது செயல் துணிச்சலானது. ஆயினும் அந்த அட்டை பலித்ததற்கு டாடா குழுமத் தலைமையின் நல்லெண்ணம் வேண்டியிருந்தது. நல்லெண்ணத்தை எதிர்பார்த்து ஒரு தலைமுறைப் பெண்கள் தொழிலைத் திட்டமிட முடியாது.

திட்டமிடக்கூடிய பாதையை உண்மையில் போட்டவை வங்கிகள். 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது இந்தியாவில் ஏறக்குறைய 8,000 வங்கிக் கிளைகளே இருந்தன; அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பல மடங்கானது, ஒவ்வொரு புதிய கிளைக்கும் எழுத்தரும் அதிகாரியும் தேவைப்பட்டார்கள். முன்பு முதலாளிக்குத் தெரிந்தவரின் பிள்ளைக்குப் போன அந்த வேலைகள், எழுத்துத் தேர்வுக்கும் 1978இல் ஏற்பட்ட வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களுக்கும் உட்பட்டன. தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியதற்கும், பேங்க் எக்ஸாம் எழுது என்று அவளைத் தூண்டியதற்கும் இந்த மாற்றம் பெரிய காரணமாயிற்று. புரொபேஷனரி ஆபீசர் என்ற பயிற்சி அதிகாரி நிலையில் நுழைந்தவர் ஸ்கேல் 1 முதல் ஸ்கேல் 7 வரை ஏழு படிகளைக் கடந்தால் பொது மேலாளர் ஆகலாம், அதற்கு மேல் செயல் இயக்குநர் பதவி. எந்தப் படிக்கு எத்தனை ஆண்டு, எந்தத் தேர்வு என்பதெல்லாம் சுற்றறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும்.

இந்த ஏணியின் முதற்பெரும் விளைவைச் சென்னை கண்டது. அர்பத்நாட் வங்கி 1906இல் நொடித்துப் பல குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிய பிறகு, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907இல் தொடங்கப்பட்ட இந்தியன் வங்கி, 1995-96இல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டி, அது பிழைக்குமா என்ற நிலைக்கு வந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் ரஞ்சனா குமார் அனுப்பப்பட்டார். பேங்க் ஆஃப் இந்தியாவில் பயிற்சி அதிகாரியாகத் தொடங்கி, கிளை, மண்டலம், வெளிநாட்டுப் பணி என்று எல்லாப் படிகளையும் ஏறி வந்தவர் அவர். நாட்டுடைமை வங்கி ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண். நட்டக் கிளைகளை இணைத்தும் மூடியும், விருப்ப ஓய்வுத் திட்டத்தால் ஆள்பலத்தைக் குறைத்தும், வராக்கடன்களைப் பின்தொடர்ந்தும் அவர் நடத்திய சீரமைப்பில் 2001-02இல் வங்கி மீண்டும் லாபத்துக்குத் திரும்பியது. சிக்கலில் சிக்கிய நிறுவனம் என்பதால்தான் ஒரு பெண்ணிடம் அது ஒப்படைக்கப்பட்டது என்று ஐயுறுவோர் உண்டு. உலகெங்கும் அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் சிக்கலைக் கையாளும் அனுபவம் உள்ள பெண் அதிகாரி ஒருவர் அந்த நேரத்தில் இருந்தார் என்பதே இங்கு வரலாற்றுச் செய்தி. முப்பதாண்டுகளுக்கு முன்பு நடந்த ஓர் ஆள்சேர்ப்பு அதைச் சாத்தியமாக்கியிருந்தது.

அதே கணக்கு மற்ற இடங்களிலும் பொருந்துகிறது. 1977இல் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா 2013 அக்டோபரில் அதன் தலைவரானார். இருநூறு ஆண்டுகளைக் கடந்த அந்த வங்கியின் மரபில் அவரே முதல் பெண். அதே காலத்தில் பேங்க் ஆஃப் இந்தியா, அலகாபாத் வங்கி, யுனைடெட் வங்கி ஆகியவற்றின் தலைமையிலும் பெண்கள் இருந்தார்கள். ஐசிஐசிஐ நிறுவனத்தில், சென்னை லயோலா கல்லூரியில் படித்து ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாக வாழ்வைத் தொடங்கிய என். வாகுல் 1985இல் தலைமையேற்ற பின், லலிதா குப்தே, கல்பனா மொர்பாரியா, ஷிகா சர்மா, சந்தா கோச்சர் முதலானோர் பொறுப்பான பிரிவுகளில் வளர்ந்தார்கள். 2009இல் ஐசிஐசிஐ, ஆக்சிஸ் ஆகிய இரு பெரும் தனியார் வங்கிகளின் தலைமையில் ஒரே நேரத்தில் அந்த அணியைச் சேர்ந்த இருவர் அமர்ந்தார்கள். பணியின் முடிவுகளை எண்களால் அளக்கும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்ததும், இரவில் விடுதியில் கூடிப் பேசும் வட்டத்துக்கு வெளியே பதவி உயர்வு முடிவானதும் அதற்குத் துணை செய்தன.

உற்பத்தித் தொழில்களின் இயக்குநர் குழுக்களில் இந்த மாற்றம் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. 1999இல் குமார் மங்கலம் பிர்லா குழு பரிந்துரைத்து, 2000 முதல் பட்டியல் ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவாக நடைமுறைக்கு வந்த ஏற்பாடு, சார்பற்ற இயக்குநர்களைக் கட்டாயமாக்கியது; நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தோடு உறவோ வணிகத் தொடர்போ இல்லாமல், சிறு பங்குதாரர்களின் நலனைக் காக்க அமர்த்தப்படுபவர்களே சார்பற்ற இயக்குநர்கள். அந்தப் புதிய நாற்காலிகளையும் ஓய்வுபெற்ற அரசுச் செயலர்களும் தணிக்கையாளர்களும் வழக்கறிஞர்களுமாகிய ஆண்களே நிரப்பினார்கள், ஏனெனில் பெயர்கள் தலைவரின் அறிமுக வட்டத்திலிருந்து வந்தன. அந்தக் கூட்ட அறைகளில் பெண் இல்லாமலும் இல்லை. நிறுவனச் செயலர் தேர்வில் தேறிய பெண்கள் பலர் மேசையின் ஓரத்தில் அமர்ந்து, நிகழ்ச்சி நிரலைத் தயாரித்து, பக்கத்துக்குப் பக்கம் எண்ணிட்ட மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானங்களைப் பதிவு செய்து, தலைவரின் சுருக்கொப்பத்தை ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குழுவின் சட்டக் கடமைகளை அந்த அறையில் மற்ற எவரையும் விட நன்கறிந்தவர் அவராகவே இருந்திருப்பார். வாக்கு மட்டும் அவருக்கில்லை.

பெண் இயக்குநர் பற்றிய வரி 2011 டிசம்பரில் அறிமுகமான நிறுவனங்கள் மசோதாவில் இடம்பெற்று, 2012 டிசம்பரில் மக்களவையிலும் 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. முன்மாதிரி வெளிநாட்டில் இருந்தது. நார்வே 2003இல் சட்டம் இயற்றி, பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் ஒவ்வொரு பாலினமும் ஏறக்குறைய 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்றது. தாமாகச் செய்யத் தந்த வாய்ப்பை நிறுவனங்கள் பயன்படுத்தாததால், இணங்காத நிறுவனம் கலைக்கப்படும் என்ற தண்டனையோடு 2008 தொடக்கத்தைக் கெடுவாக வைத்தது. கெடு நெருங்கியதும் பெண்கள் கிடைத்தார்கள். முன்பிருந்தோரை விடத் தகுதி மிக்கவர்களே வந்தார்கள் என்று பின்வந்த ஆய்வு காட்டியது. ஆனால் குழுவுக்குக் கீழே உள்ள நிர்வாகப் படிகளில் பெண்களின் நிலையை அது பெரிதாக மாற்றவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது.

இந்தியா எடுத்துக்கொண்டது 40 விழுக்காட்டை அல்ல, ஒரு நாற்காலியை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014 அக்டோபர் 1 என்று முதலில் வைத்த கெடு, 2015 ஏப்ரல் 1க்குத் தள்ளிப்போனது. 2015 மார்ச் மாதத்தின் கடைசி நாட்களில் நிறுவனங்களின் அறிவிப்புகள் பங்குச் சந்தைகளில் வந்து குவிந்தன. இயக்குநர் அடையாள எண் பெறுவது, டிஐஆர்-2 படிவத்தில் சம்மதம் எழுதித் தருவது, டிஐஆர்-12 படிவத்தை நிறுவனப் பதிவாளரிடம் சேர்ப்பது ஆகிய சில வேலைகளே ஒருவரை இயக்குநராக்கப் போதுமானவை, அவற்றை ஓரிரு நாளில் முடித்துவிடலாம். பல குடும்ப நிறுவனங்கள் மனைவி, மகள், மருமகள், சகோதரி ஆகியோரில் ஒருவரை அமர்த்திக் கெடுவைத் தாண்டின. சட்டம் பெண் என்று மட்டும் சொன்னதே தவிர, சார்பற்ற பெண் என்று சொல்லவில்லை. தவறிய நிறுவனங்களுக்கு முதல் மூன்று மாதங்களில் 50,000 ரூபாய், அடுத்த மூன்று மாதங்களில் அதனோடு நாளொன்றுக்கு 1,000 ரூபாய், அதற்குப் பின் 1,42,000 ரூபாயும் நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் என்று அபராதம் அமைந்தது. கலைக்கப்படும் என்ற நார்வேயின் அச்சுறுத்தலோடு ஒப்பிட்டால், பெரிய நிறுவனம் ஒன்றின் ஒருநாள் விருந்தினர் செலவுக்கும் இது ஈடாகாது.

உறவினரை அமர்த்தும் வழியை அடைத்தது உதய் கோடக் தலைமையிலான குழு. 2017 அக்டோபரில் அது தந்த பரிந்துரையை ஏற்று, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும், முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும், குறைந்தது ஒரு சார்பற்ற பெண் இயக்குநர் வேண்டும் என்று செபி ஆணையிட்டது. விளைவு கண்கூடானது. 2010களின் முற்பகுதியில் பெரிய பட்டியல் நிறுவனங்களின் இயக்குநர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேராக இருந்த பெண்கள், பத்தாண்டுகளுக்குள் பதினேழு பதினெட்டுப் பேரானார்கள். அவ்வாறு வந்தவர்கள் யார் என்று பார்த்தால், ஓய்வுபெற்ற வங்கித் தலைவர்கள், ரிசர்வ் வங்கியின் முன்னாள் துணை ஆளுநர்கள், ஆட்சிப் பணி அதிகாரிகள், தணிக்கையாளர்கள் என்று, எழுத்துத் தேர்வுகளின் வழியே ஐம்பது ஆண்டுகளாக மேலேறி வந்த பெண்களே கணிசமாக இருக்கிறார்கள். தகுதியான பெண்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த தனியார் துறை, கடைசியில் பொதுத்துறை வளர்த்த பெண்களைத்தான் தன் மேசைக்கு அழைத்துக்கொண்டது.

வேதனையான முரண் ஒன்றும் இதில் உண்டு. இந்தச் சட்டத்தை எழுதிய அரசே, தன் நேரடிப் பொறுப்பில் உள்ள நிறுவனங்களில் அதைப் பலமுறை மீறியிருக்கிறது. இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, கெயில் போன்ற பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் சார்பற்ற இயக்குநர், பெண் இயக்குநர் பற்றிய விதிகளை நிறைவு செய்யாததற்காக 2023இல் பங்குச் சந்தைகளின் அபராதத்துக்கு ஆளாயின. இயக்குநர்களை நியமிக்கும் அதிகாரம் அமைச்சகத்திடம் இருப்பதால் தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று அவை பதிலளித்தன. கீழ்ப்படிகளில் தேர்வுப் பட்டியலால் கட்டுண்ட அரசு, உச்சிப் படியில் தன் விருப்பத்துக்குரிய நியமன அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறது. பெண்கள் காணாமல் போவதும் அந்தப் படியில்தான்.

முழுநேர நிர்வாகத் தலைமையில் இந்த ஏற்றம் எதிரொலிக்கவில்லை. சார்பற்ற இயக்குநர் ஆண்டுக்கு நான்கைந்து முறை கூடி மேற்பார்வை செய்பவர். நிறுவனத்தை நாள்தோறும் நடத்தும் தலைமை நிர்வாகிகளில் பெண்கள் இன்னும் நூற்றுக்கு ஐந்து பேரை ஒட்டியே இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வருவோர் முப்பது வயதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையே ஆலைத் தலைமை, வட்டார விற்பனை, புதிய கிளை போன்ற லாப நட்டப் பொறுப்புள்ள பணிகளைக் கடந்திருக்க வேண்டும். இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் பேறுகாலத்தையும் குழந்தை வளர்ப்பையும் முதியோர் பராமரிப்பையும் ஒருங்கே சுமப்பது அதே பதினைந்து ஆண்டுகளில்தான். 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரங்களாக்கிய சட்டத் திருத்தம் வரவேற்கத்தக்கது. அந்தச் செலவு முழுவதையும் வேலை தருபவர் மீதே வைத்ததால், சிறிய நிறுவனங்கள் இளம்பெண்களைச் சேர்க்கத் தயங்கும் நிலையையும் அது உண்டாக்கியது. வங்கிகளில் இதே தடை டிரான்ஸ்ஃபர் என்ற பெயரில் வருகிறது. எழுத்தராக இருப்பவர் அதிகாரி ஆனால் வெளியூர் போக வேண்டும், ஸ்கேல் உயர உயர வெளிமாநிலம் போக வேண்டும் என்பதால், மதிப்பெண்ணில் முன்னிற்கும் பெண்கள் பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருந்த கிளையிலேயே தங்கிவிடும் வழக்கம் தமிழ்நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் அறிந்த ஒன்று. அருந்ததி பட்டாச்சார்யா ஸ்டேட் வங்கிப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பராமரிப்பு விடுப்பைக் கொண்டுவந்தது இதை உணர்ந்துதான். அவரே தம் பணிக்காலத்தின் நடுவே விலகிவிடலாமா என்று எண்ணியதைப் பின்னர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பெண் அலுவலர்களை இயன்றவரை அருகிலுள்ள இடங்களிலேயே அமர்த்துமாறு மத்திய நிதிச் சேவைகள் துறை 2024 நவம்பரில் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அது இன்றைய இளம் பெண் அதிகாரிகளை வேலையில் நிலைக்கச் செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அருகிலுள்ள கிளையில் கழித்த ஐந்தாண்டுக்கும் தொலைவில் உள்ள மண்டலத்தில் கழித்த ஐந்தாண்டுக்கும் பதவி உயர்வுக் குழுவின் முன் ஒரே மதிப்பு உண்டா என்பதை அந்த அறிவுறுத்தல் சொல்லவில்லை. அது சுற்றறிக்கையில் எழுதப்படாமல் குழுவினரின் எண்ணத்துக்கு விடப்படும் வரை, இப்போது ஸ்கேல் 1இல் சேரும் பெண்களில் எத்தனை பேர் 2050களில் ஒரு வங்கியின் தலைமைக்குப் பரிசீலிக்கத் தக்கவராக இருப்பார்கள் என்பது திறந்த கேள்வியாகவே இருக்கும்.